யார் முதலில் நகர்வது?

என் கோபக்காரருக்கு,

நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து காபி நானேதான் போடுகிறேன். வாயில் வைக்க முடியவில்லை.

எங்கள் தொலைநோக்கியில் நட்சத்திரத்துக்கு ஒன்றாக ஒளியைப் பிடிக்கும் குட்டி இயந்திரக் கைகள் உண்டே, அவற்றில் பக்கத்துப் பக்கத்துக் கைகள் இரண்டு நேற்று அசையாமல் நின்றுவிட்டன. பழுது ஒன்றுமில்லை. மோதிவிடக் கூடாதென்று, மற்றது முதலில் நகரட்டும் என இரண்டும் காத்திருந்தன. அப்படி நிரல் எழுதிய புண்ணியவதி நான்தான்.

"ரெண்டுக்கும் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இனி சிறிய எண் கொண்ட கை முதலில் நகரும் என்று மாற்றிவிட்டேன். வேலை செய்கிறது.

நம் இருவரில் நான்தான் சின்னவள். ஞாயிறு காலை வருகிறேன். கதவைத் திறக்க அக்காவை அனுப்பாதீர்கள்.

உங்களைவிடப் பிடிவாதக்காரி