பேஸில் ஆள் நிற்கும்போது

செப்டம்பர் 9

மதியம் ஊதோன் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அணி அலுவலகத்திலிருந்து போன். "இனுகாய் சார், நாளைக்குக் காலைல வர முடியுமா? சூட் போட்டுட்டு வந்துடுங்க."

சீருடையில் வரச் சொன்னால் பந்தெறியக் கூப்பிடுகிறார்கள். சூட்டில் வரச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பக் கூப்பிடுகிறார்கள். பேஸ்பால் ஆடும் எவனுக்கும் இது தெரியும்.

போனை வைத்ததும் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் நழுவிக் கிண்ணத்துக்குள் விழுந்தன. அதிர்ச்சியெல்லாம் இல்லை. போன வருடம் மருத்துவர் தோள்பட்டைக்குக் கீழே நரம்பை அழுத்திக்கொண்டிருந்த ஒரு விலா எலும்பையே வெட்டி எடுத்தார். அதன் பிறகும் வலது கை விரல்கள் மரத்துத்தான் கிடக்கின்றன. என் மனைவி மிசுஹோ ஸ்பூனைக் கொண்டுவந்து வைத்தாள். முப்பத்தேழு வயதில் குழந்தை மாதிரி ஸ்பூனால் ஊதோன். அதை என் எதிரி மகாபே பார்த்தால் போதும், சிரித்தே செத்துவிடுவான்.

செப்டம்பர் 10

டை கட்ட விரல் ஒத்துழைக்கவில்லை. மிசுஹோதான் கட்டிவிட்டாள். கொஞ்சம் இறுக்கமாகவே கட்டினாள். யார் மேல் கோபமோ.

மேலாளர் த்சுருகா எழுந்து நின்று குனிந்து வணங்கினார். இத்தனை வருடம் அணிக்காக உழைத்தீர்கள், மத்சுயாமா ஊரே மறக்காது, இன்னும் என்னென்னவோ. அடுத்த வருட ஒப்பந்தம் இல்லை. பதிலுக்கு ஒரு பிரிவு ஆட்டம்: இருபத்தெட்டாம் தேதி, சொந்த மைதானத்தில், குமமோதோ அணியோடு. ஏழாவது சுற்றின் தொடக்கத்தில் நான் இறங்கி ஒரே ஒரு பேட்ஸ்மேனுக்குப் பந்தெறிய வேண்டும். பிறகு பூங்கொத்து.

"அந்தப் பக்கம் பேசியாச்சு. மூணு தடவை மட்டைய வீசுவாங்க, மூணு தடவையும் பந்து படாது, அவுட். நீங்க எதுக்கும் பயப்பட வேண்டாம்."

இது வழக்கம்தான். ஓய்வு பெறுகிறவனுக்கு எதிரணி தரும் மொய். மற்றவர்களுக்கு நடந்தபோது நானும் கைதட்டியிருக்கிறேன். ஆனால் எனக்கு என்று வரும்போது கசக்கிறது. பதினோரு வருடம் என் வேலை என்ன? வேறு ஒருவன் சொதப்பி, பேஸ்களில் எதிரணி ஆட்கள் ஓடி ரன் எடுக்கக் காத்து நிற்கும்போது, போய் அணைத்துவிட்டு வருவது. ரசிகர்கள் 'தீயணைப்பு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். காலியான பேஸ்களோடு, வேண்டுமென்றே கோட்டை விடுகிறவனுக்கு எறிந்துவிட்டுப் போவதா?

"ஒருத்தனாவது நிஜமா அடிக்க வரட்டும் சார்," என்றேன்.

த்சுருகா சிரித்தார். "எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. அன்னைக்கு நன்றி சொல்வீங்க பாருங்க."

செப்டம்பர் 11

செய்தித்தாளில் வந்துவிட்டது. டிராம் நிறுத்தத்தில் சாப்பாட்டுக்கடை அம்மா என்னைப் பார்த்ததும் அழுதபடி என் சாப்பாட்டுப் பெட்டியில் இரண்டு மீன் வடை கூடுதலாக வைத்தார். நான் அழவில்லை. இரண்டையும் தின்றேன்.

செப்டம்பர் 15

தொகாஷியோடு பயிற்சி. ஆட்டத்தில் இறங்க மாட்டான். நாங்கள் தயாராகும்போது பந்து பிடிப்பதுதான் அவன் வேலை. முதல் பந்து அவன் தலைக்கு மேலே போனது. இரண்டாவது அவனுக்கு முன்னால் தரையில் குத்தியது. விரலை விட்டு எப்போது போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

"அண்ணே, நான் நின்னு பிடிக்கணுமா, ஓடிப்போய் பொறுக்கணுமா? முதல்லயே சொல்லிடுங்க."

திட்டினேன். பிறகு இருவரும் சிரித்தோம். பிறகு அவன் முகமூடியைக் கழற்றவே இல்லை, வெகுநேரம்.

வீட்டில் சண்டை. மிசுஹோ சொல்வதில் தப்பில்லை. "நிஜமா அடிக்கட்டும் நிஜமா அடிக்கட்டும்னு குதிக்கிறீங்களே, நிஜமாவே அடிச்சுட்டா? அத்தனை பேர் முன்னாடி பந்து வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தா? அதை நான் உக்காந்து பாக்கணுமா?"

"பாக்காதே."

"பாக்காம எங்க போவேன்?"

எனக்கும் பயம்தான். அடி வாங்கிப் போனால் வாழ்நாள் முழுக்க அதுவே கண்முன் நிற்கும். ஆனால் பொய்யாக ஜெயித்துவிட்டுப் போனால்? அதுவும்தான் நிற்கும். எது மேல்? தெரியவில்லை. தெரியவில்லை!

செப்டம்பர் 19

மகாபேக்குப் போன் செய்தேன். குமமோதோ அணியின் நான்காவது பேட்ஸ்மேன். பள்ளிக்கூட நாளிலிருந்து நானும் அவனும் மோதிக்கொண்டிருக்கிறோம். கணக்குப் பார்த்தால் அவன்தான் முன்னால் இருப்பான், அதனால் நான் பார்ப்பதில்லை.

"ஏழாவது சுத்துல நீ வா. நிஜமா ஆடு."

"முடியாதுடா. யார் வர்றதுன்னு எங்க கோச் முடிவு பண்ணிட்டாரு. உசுய்னு ஒரு புதுப் பையன். மூணு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு கோட்டை விட்டுப் பழகறான், பாவம். நான் அவனுக்கு அடுத்த ஆள். நான் மட்டைய எடுக்கறதுக்குள்ள உனக்குப் பூ குடுத்து அனுப்பிடுவாங்க."

"ஏன், உன்னை முதல்ல அனுப்பினா என்ன?"

"எனக்குச் சும்மா வீசத் தெரியாது. வந்தா அடிப்பேன். அடிச்சா உங்க ஊர்லேர்ந்து நான் உயிரோட போக முடியுமா?"

போனை வைத்துவிட்டான். பாவி.

செப்டம்பர் 27

மழை வரும் என்றார்கள். வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். வரவில்லை.

செப்டம்பர் 29

நேற்று எழுத முடியவில்லை. இப்போது காலை, மிசுஹோ இன்னும் தூங்குகிறாள். ஒன்று விடாமல் எழுதிவிட வேண்டும்.

நான் இறங்கும்போது போடும் பாட்டு ஒலித்தது. பந்தெறியும் மேட்டுக்கு நடந்தேன். பேஸ்களைப் பார்த்தேன், மூன்றும் காலி. யாரோ காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

உசுய் வந்து ஹெல்மெட்டைக் கழற்றி வணங்கினான். முகம் வெளுத்திருந்தது. முதல் பந்து, பெரிய வீச்சு, படவில்லை. கைதட்டல். இரண்டாவது இடுப்புக்கு வெளியே எங்கேயோ போனது, அதற்கும் வீசினான். எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாவது பந்து விரலிலிருந்து நழுவியது. பேட்ஸ்மேனுக்கு ஒரு எட்டு முன்னால் தரையில் குத்தி எழும்பியது. சொன்ன சொல் தவறாத பிள்ளை, அதற்கும் வீசினான். பந்து பின்னால் உட்கார்ந்திருந்த கேட்சரின் முழங்காலில் பட்டுப் பின்சுவர் வரை உருண்டது.

மூன்றாவது முறையும் மட்டையில் படாத பந்தைக் கேட்சர் பிடிக்காமல் விட்டால் பேட்ஸ்மேன் முதல் பேஸுக்கு ஓடலாம். பந்து வருவதற்குள் சேர்ந்துவிட்டால் அவுட் இல்லை. பள்ளியில் முதல் வருடமே இதைக் காலில் ஏற்றிவிடுவார்கள், மண்டையில் அல்ல. உசுய்யின் கால் ஓடிவிட்டது.

அவன் பேஸை மிதித்து, திரும்பி, என்ன செய்துவிட்டோம் என்று புரிந்ததும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். பூங்கொத்தோடு பாதி தூரம் வந்துவிட்ட பெண் நின்றாள், யாரையோ பார்த்தாள், வந்த வழியே திரும்பிப் போனாள். அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. உசுய் மட்டும் எனக்கு வணக்கம் மேல் வணக்கம் போட்டுக்கொண்டிருந்தான். அழுதான் என்று நினைக்கிறேன்.

தலைமைப் பயிற்சியாளர் நாபெஷிமா மேட்டுக்கு வந்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்திருந்தார். "போதும்ல, இனுகாய்? வா, போயிடலாம்."

முதல் பேஸைக் காட்டினேன். "ஆள் நிக்கிறான் சார்."

"அது சரி, ஆனா..."

"ஆள் நிக்கும்போது என்னைக்காவது நான் இறங்கிப் போயிருக்கேனா?"

என் வலது கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பி நடந்தார். அந்த மனிதரை இத்தனை வருடம் எவ்வளவு திட்டியிருக்கிறேன்! எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மகாபே வந்தான். அவனோடு யாரும் எதுவும் பேசி வைத்திருக்கவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை, மட்டை நுனியையே பார்த்தான்.

முதல் பந்து. சத்தம் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பந்து இடப்பக்க இருக்கைகளின் உச்சிக்குப் பறந்தது. எல்லைக் கம்பத்துக்கு ஒரு முழம் வெளியே. கோட்டுக்கு வெளியே, கணக்கில்லை! ஒரு முழம் உள்ளே போயிருந்தால் கதை முடிந்தது. மைதானம் ஐயோ என்றது. ஆனால், இதை எழுதாமல் விடக்கூடாது, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வந்துவிட்டான். நிஜமாகவே அடிக்க வந்துவிட்டான்.

அடுத்தது என் பந்து. உள்பக்கம் வந்து கடைசியில் கீழே இறங்குவது. விரல் சொல்லவில்லை, தோளை நம்பி எறிந்தேன். மட்டை இரண்டாக முறிந்தது. பந்து தரையோடு உருண்டு நேராக எங்கள் ஆள் கைக்குப் போனது. இரண்டாம் பேஸுக்கு ஓடிய உசுய் அவுட். அங்கிருந்து பந்து முதல் பேஸுக்கு. மகாபே தலையை முன்னால் நீட்டி மூச்சிரைக்க ஓடினான், அரை எட்டில் அவுட். ஒரே பந்து, இரண்டு பேர்.

தீ அணைந்தது. பூ வந்தது. மகாபேயைப் பார்த்துக் குனிந்தேன். அவன் கையில் மிச்சமிருந்த மட்டைப்பிடியைத் தரையில் அடித்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

செப்டம்பர் 30

இன்று எல்லோரும் மகாபேயைப் புகழ்கிறார்கள். எவ்வளவு பெருந்தன்மை, எவ்வளவு அழகாக விட்டுக்கொடுத்தான், நட்பென்றால் இதுதான். வானொலியில்கூட.

விட்டுக்கொடுத்தானா? அந்த முதல் அடி? அதையும் வேண்டுமென்றே வெளியே அடித்தானா? அவனால் முடியும். போன் செய்தேன், எடுக்கவில்லை.

அக்டோபர் 6

லாக்கரைக் காலி செய்தேன். தொகாஷி பெட்டியைத் தூக்கிவந்து காரில் வைத்தான். "இனிமே எனக்குப் பந்து பொறுக்கற வேலை இல்ல," என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமலே போய்விட்டான். முகத்தை மறைக்க இந்த முறை முகமூடி இல்லை.

அக்டோபர் 24

உள்ளூர் வானொலியில் ஆட்டம் பற்றிப் பேச அழைக்கிறார்கள். வாய் மரத்துப்போகவில்லையே, போங்கள் என்கிறாள் மிசுஹோ. சரி என்றேன். மகாபே இன்னும் போனை எடுக்கவில்லை.

டிசம்பர் 8

குமமோதோவிலிருந்து பார்சல். உள்ளே ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சிகள், நல்ல கனம். முறிந்த மட்டைகளை இப்படிச் செதுக்கித் தருகிறார்கள்தான், கடையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வேறு ஒன்றும் இல்லை. போன் செய்தேன். இன்று எடுத்தான்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. டேய், உண்மையச் சொல்லு. அன்னைக்கு நீ..."

"வாய மூடு. ஊரே எனக்கு நல்லவன்னு பட்டம் குடுத்து மானத்த வாங்குது, நீயுமா? அது என்ன மட்டைன்னு தெரியுமா? ஏப்ரல்லேர்ந்து பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். மழைன்னா அதை வெளிலயே எடுக்க மாட்டேன். உனக்கு விட்டுக்குடுக்கறதா இருந்தா பழசு ஒண்ணத் தூக்கிட்டு வந்திருக்க மாட்டேனா? இனி அந்த மாதிரி ஒண்ணு கிடைக்குமா எனக்கு?"

"மன்னிச்சுக்கடா."

"மன்னிப்பு வேணாம். அதுலயே சாப்பிடு. தினமும்."

இரவுச் சாப்பாட்டுக்கு மிசுஹோ முள்ளங்கி வேக வைத்திருந்தாள். வழக்கம்போல் ஸ்பூன் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வலது கையில் அந்தக் குச்சிகளை எடுத்தேன். முள்ளங்கி ஒரு முறை நழுவியது. இன்னொரு முறையும் நழுவியது. அவள் வேறு எங்கேயோ பார்ப்பதுபோல் இருந்தாள். மூன்றாவது முறை வாய்க்கு வந்து சேர்ந்தது, நாக்கைச் சுட்டது.

மிசுஹோ ஸ்பூனை எடுத்துக்கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்தாள்.