முடியாது – ஐந்து புள்ளி

ஜூன் 1, ஞாயிறு

இன்றைய ஆட்டம் பாதியில் நின்றது. டிராகனால் அல்ல, என் மனைவியால்.

மூன்று வருடமாக ஞாயிறு மதியம் எங்கள் சாப்பாட்டு மேசையில் இந்தக் கதை ஆட்டம் நடக்கிறது. கதையை நடத்துவது நான். மற்ற மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். மனைவியின் தம்பியான மச்சான் கோடரி வீரன், என் தங்கை திருடி, மனைவி வைத்தியச்சி. பாத்திரத்தின் திறன்கள் ஒரு தாளில், பக்கத்திலேயே புள்ளிகள். இருபது முகப் பகடையில் விழுந்ததோடு புள்ளியைக் கூட்டினால் காரியம் ஆயிற்றா இல்லையா என்று தெரிந்துவிடும்.

டிராகன் கக்கிய நெருப்பில் மச்சானின் வீரனுக்குக் கால் வெந்துபோனது. வழக்கம்போல, "அக்கா, கொஞ்சம் கட்டுப் போட்டு விடு" என்றான்.

அவள் தாளைக் குப்புறக் கவிழ்த்தாள். "வாரம் ஆறு நாள் வார்டுல கட்டுப் போடறேன். ஏழாவது நாள் இங்க வந்தும் உனக்குக் கட்டா? எனக்கு வேணாம்டா இந்த ஆட்டம்."

எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நர்ஸ்தானே என்று வைத்தியச்சி வேடத்தை அவள் தலையில் கட்டியது யார்? நான்தான். பிடித்திருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டேனா? இல்லை.

ஜூன் 3

வேலை மும்முரம். ஒரே கட்டிடத்தில் இரண்டு லிப்ட் மக்கர். கேபிள் பார்த்துக்கொண்டே யோசித்ததில் ஒரு வழி தோன்றியது.

ஜூன் 5

புது வீட்டு விதி. ஆட்டப் புத்தகத்தில் கிடையாது, நம் மேசைக்கு மட்டும். தாளில் அச்சாகியிருக்கும் பன்னிரண்டு திறன்களில் ஒன்றை அடித்துவிட்டு, அதே புள்ளிக்கு, அவரவர் விரும்பும் திறனைச் சொந்த வார்த்தையில் எழுதலாம். மேசையில் எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது எப்போது வேலை செய்யாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மனைவியிடம் காட்டினேன். படித்தாள். "பாக்கலாம்" என்றாள். அது போதும்.

ஜூன் 8, ஞாயிறு

வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மச்சான் முதலில் எழுதியது: 'எதையும் செய்யும் திறமை.' தங்கை கணக்கு டீச்சர், விடுவாளா? "அப்ப மத்த பதினொண்ணும் எதுக்கு? அடுப்பு பத்த வைக்கவா?" என்று சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டாள். அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு, 'மோப்பம்' என்று எழுதினான். தான் வேலை செய்யும் பேக்கரியில் கேக் கருகுவதைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடிக்கிறவன், பொருத்தம்தான். ஜலதோஷம் பிடித்தால் வேலை செய்யாது. தங்கை, 'பொய் சொல்கிறவனைக் கண்டுபிடித்தல்' எடுத்தாள். தன் அண்ணனிடம் மட்டும் பலிக்காதாம். ஏன் என்று கேட்டேன். "உனக்குத்தான் பொய்யே சொல்ல வராதே, எதைக் கண்டுபிடிக்கறது?" என்றாள்.

பிறகு மனைவி. பேனாவை எடுத்து, தாளிலேயே அதிகப் புள்ளி உள்ள வரியை, 'குணப்படுத்தல் – 5' என்பதை, நேராக ஒரு கோடு போட்டு அடித்தாள்.

"ஐயோ அக்கா! அப்ப எங்களுக்கு யாரு வைத்தியம் பாக்கறது?"

அவள் எழுதினாள்: 'முடியாது என்று சொல்லுதல் – 5.' எப்போது வேலை செய்யாது? கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்து அதையும் எழுதினாள்: 'பிடித்தவர்கள் கேட்டால் பாதிப் புள்ளிதான்.'

"இது ஒரு திறமையா?" என்றான் மச்சான்.

"உனக்கு வரும், அதனால தெரியல" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. தங்கைதான் முதலில் கை தூக்கினாள். "நான் ஒத்துக்கறேன், அண்ணி."

ஜூன் 15, ஞாயிறு

மலைக்கணவாயில் ஓர் அரக்கனை நிறுத்தியிருந்தேன். 'உங்களில் ஒருவரை விட்டுவிட்டுப் போனால்தான் வழி' என்பான். இரண்டு மணி நேரச் சண்டைக்குத் திட்டம் போட்டு வைத்திருந்தேன்.

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து, "முடியாது" என்றாள். பகடையை உருட்டினாள். பத்தொன்பது! ஐந்தும் சேர்த்து இருபத்து நான்கு!

என் திட்டத் தாளை மடித்து வைத்தேன். வாழ்நாளில் யாரும் முடியாது என்று சொல்லிக் கேட்டிராத அரக்கன் என்ன செய்வான்? கடைசியில், "அப்படின்னா... என்ன?" என்று கேட்க வைத்தேன். மச்சான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழப் பார்த்தான். அவள் அரக்கனுக்குப் பொறுமையாக விளக்கினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் குரலில் ஒரு துள்ளல்.

ஜூன் 19

எழுதியே ஆக வேண்டும்.

மாலை ஆறு மணிக்கு அவளுடைய தலைமை நர்ஸிடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைவாம், வர முடியுமா என்று. மாதத்துக்கு இரண்டு ஞாயிறாவது இப்படிப் போய்விடும். எப்போதும், "சரிங்க சிஸ்டர்" என்பாள், வைப்பாள், முகம் தொங்கிவிடும்.

இன்று காலண்டரைப் பார்த்தாள். பிறகு, "இல்லங்க சிஸ்டர். இந்த ஞாயிறு என்னால முடியாது."

அந்தப் பக்கம் ஏதோ பேச்சு. "ஆமாங்க... காரணம்னு ஒண்ணுமில்லீங்க. லீவு நாள், அதான்."

போனை வைத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"சரி, வேற ஆளைப் பாக்கறேன்னுட்டாங்க. அவ்வளவுதாங்க! இதைச் சொல்லவா எனக்கு ஒம்போது வருஷம் ஆச்சு?"

ஜூன் 24

இன்று எனக்கே விழுந்தது அந்த அடி.

சனிக்கிழமை என் சூப்பர்வைசரைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டுவிட்டேன், அவளிடம் கேட்காமலே. சொன்னேன். "முடியாதுங்க. சனிக்கிழமை நாலு மணி வரைக்கும் டூட்டி, அதுக்கப்புறம் அடுப்புல நிக்க என்னால ஆகாது" என்றாள்.

முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் திரிந்தேன். வீட்டு விதி வீட்டுக்குள்ளேயே வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே! பிடித்தவர்கள் கேட்டால் பாதிப் புள்ளி என்று எழுதியிருந்தாளே? அப்போது நான்...? சீ, என்ன புத்தி இது. பாதிப் புள்ளியோடும் ஜெயிக்கலாம், நல்லா விழுந்தால். அவ்வளவுதான்.

ஜூன் 28, சனி

நானும் மச்சானும் சமைத்தோம். சோறு குழைந்தது, குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டாகிவிட்டது. மச்சானின் கேக் மானத்தைக் காப்பாற்றியது. சூப்பர்வைசர் மூன்று துண்டு சாப்பிட்டார். வேலை முடிந்து வந்த மனைவி விருந்தாளி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "உப்பைத் தவிர எல்லாம் நல்லா இருக்கு" என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

வைத்தியர் இல்லாத கூட்டம். குகையிலிருந்து மூன்று பேரும் குற்றுயிராக வெளியே வந்தார்கள். தங்கை கணக்குப் போட்டுப் பார்த்து, அடுத்த சண்டையில் தப்பிக்க நூற்றுக்குப் பதினொன்றுதான் வாய்ப்பு என்றாள். எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். மனைவி பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அதுவே பெரிய மாற்றம்.

ஜூலை 6, ஞாயிறு

மச்சான் வந்ததும் வராததுமாக என்னிடம், "மாமா, இன்னொரு திறமையை மாத்திக்க விடுவீங்களா?" என்றான். எல்லாரும் சம்மதித்தோம். தாளில் 'கோடரி' என்ற வரியை அடித்தான். கோடரி! அவனுடைய உயிர் அது. அந்த இடத்தில், 'கட்டுப் போடுதல்' என்று எழுதினான்.

"எப்ப வேலை செய்யாது?" என்று கேட்டாள் தங்கை.

"எப்பவுமே செய்யாதுன்னுதான் நினைக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியாதே."

மனைவி எழுந்து உள்ளே போனாள். கோபமோ என்று ஒரு நிமிடம் பயந்தேன். ஒரு சுருள் கட்டுத்துணியோடு திரும்பி வந்து, என் இடது கையை இழுத்து மேசைமேல் வைத்தாள்.

"இங்க பாருடா. முதல்ல மணிக்கட்டுல ரெண்டு சுத்து. இறுக்காத, அவருக்கு ரத்தம் ஓடணும்."

அவன் சுற்றினான், அவள் அவிழ்த்தாள், மறுபடி சுற்றச் சொன்னாள். தங்கை தப்புகளை எண்ணினாள். ஆட்டம் ஆரம்பிக்கவே நாலரை ஆகிவிட்டது.

எல்லாரும் கிளம்பிப் போயாயிற்று. கட்டு இன்னும் என் கையில்தான் இருக்கிறது, கொஞ்சம் கோணலாக. "அவிழ்த்துடவா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றேன்.