இஞ்சி தட்டிய கல்

என் பிரிய அண்ணா,

நீ இருந்தவரை பக்கத்து அறையிலிருந்து கத்தினாலே போதும். இப்போது கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. நம் அமெரிக்க ஊர் மான்மவுத் ஜங்ஷனில் பனி உருகிவிட்டது. உன் கார் இன்னும் வாசலில்தான் நிற்கிறது, விற்க மனம் வரவில்லை.

உன் கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு நோரா ஆன்ட்டியின் முன்னோர்கள் அயர்லாந்திலிருந்து வந்து இங்கே கால்வாய் வெட்டியவர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து உனக்குச் சனி ஞாயிறே கிடையாது. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அந்த வம்சத்துக் கிழவர் கிழவிகளின் பின்னால் அலைந்தாய். "அவங்க கதை உனக்கு எதுக்கு?" என்று நான் கேலி செய்தால், "ஊரை விட்டு வந்து செத்தவனை யாராவது ஞாபகம் வெச்சுக்கணும்ல, கமலி" என்பாய்.

கடைசி கேசட்டை நேற்று மத்தியானம் போட்டேன். நம் சமையலறை மேஜையில் நீ பதிவு செய்தது. காய்ச்சலில் செத்த வேலையாட்களைக் கால்வாய்க் கரையில் புதைத்ததையும், பெயர் தெரியாததால் ஆளுக்கு ஒரு கல் வைத்ததையும் நோரா ஆன்ட்டி ஆங்கிலத்தில் சொல்கிறார். மொத்தம் பதினான்கு கற்கள். வருஷா வருஷம் போய் எண்ணுவாராம். "இப்ப பதிமூணுதான் இருக்கு. உருண்டையா, கைக்கு அடக்கமா ஒண்ணு, அதைக் காணோம்."

அப்போது பின்னால் டொக், டொக் என்று ஒரு சத்தம். அது என்ன என்று கேட்கிறார். "என் தங்கச்சி, டீக்கு இஞ்சி தட்டறா" என்கிறாய். நாடா ஓடுகிறது. நான் தட்டிக்கொண்டே இருக்கிறேன்.

நான் அமெரிக்கா வந்த புதிதில், இஞ்சி தட்ட ஒரு கல்கூட இல்லாத வீடா என்று புலம்பியதற்கு, கால்வாய்ப் பக்கம் கிடந்ததாகச் சொல்லி நீ எடுத்து வந்த கல் அல்லவா அது? மூன்று வருஷமாக ஒரு மனிதனின் தலைமாட்டுக் கல்லால் இஞ்சி தட்டியிருக்கிறேன்.

கேசட்டின் முடிவில் நீ தனியாகப் பேசுகிறாய். "கமலிகிட்ட சொல்லக் கூடாது, பயந்துடுவா. பனி உருகட்டும், கொண்டுபோய் வெச்சுடணும்."

பனி உருகும்வரை நீ இருக்கவில்லையே, அண்ணா. இதைப் பதிவு செய்த வாரத்திலிருந்துதான் டீயே வேண்டாம் என்றாய். என் கை டீ கசந்துவிட்டதா என்று உன்னோடு எப்படிச் சண்டை போட்டேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இன்று காலை நோரா ஆன்ட்டியை உன் காரிலேயே கால்வாய்க் கரைக்குக் கூட்டிப் போனேன். விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்லைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தேன். மரத்தடி முழுக்கச் சருகு. பதிமூன்று கற்களும் அதில் பாதி மூடிக் கிடந்தன. ஒரே ஓர் இடத்தில், உள்ளங்கை அளவுக் குழியில், ஓர் இலைகூட விழுந்திருக்கவில்லை. நோரா ஆன்ட்டி அதன் மேல் குனிந்தார். "இங்க இஞ்சி வாசனை வருதே" என்றார்.

நான் அதுவரை பையைத் திறக்கவே இல்லை, அண்ணா.

கல்லை எடுத்து வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. நோரா ஆன்ட்டி விரல் நீட்டி எண்ணினார், பதினான்கு என்றார், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இனி உன் திதிக்கு வைக்கும் சாதத்தில் அந்தக் கல்லுக்கு உரியவனுக்கும் ஒரு பிடி வைப்பேன். இது சத்தியம். ஆனால் பெயர் சொல்லி வைக்க வேண்டுமே? அங்கே அவனைப் பார்த்தால் கேட்டுச் சொல். டேப் ரெக்கார்டர் சமையலறை மேஜைமேல்தான் இருக்கிறது. புதுக் கேசட் போட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு டீக்காக உன்னோடு சண்டை போட்ட உன் தங்கை,
கமலி