குழந்தைவேலுவுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை

புரோத்ராபூர்
8-1-1967

அன்புள்ள மாப்பிள்ளை சிவஞானத்துக்கு, ஜம்புலிங்கம் எழுதுவது. இங்கே எல்லாருக்கும் கையும் காலும் அதது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. திக்லிபூரில் என் தங்கை செல்லத்துக்கும் உமக்கும் அப்படியே இருக்க முருகன் காப்பாற்றட்டும்.

எல்லாருக்கும் என்று எழுதியது பொய். எங்கள் டீம் கிருஷ்ணமூர்த்திக்கு முன்பல் மூன்று இடத்தில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை மரம் வெட்டுகிற கூட்டத்தோடு கூடைப்பந்து மேட்ச். அவர்களில் ஒருத்தன் அவர்கள் வெட்டுகிற படவுக் மரம் மாதிரியே நெட்டையும் பருமனுமாக இருந்தான். முழங்கையை மடக்கி ஒரே இடி. இவன் பல்லைத் துப்பிவிட்டு, ரத்தம் ஒழுக ஒழுகப் பந்தைக் கூடையில் போட்டான். நான் கை தட்டின தட்டில் பக்கத்தில் இருந்தவன் காது அடைத்துப்போனது. பிறகு அவர்கள் கழி எடுத்தார்கள், நாங்கள் கல் எடுத்தோம். ரெபரி எதையும் எடுக்கவில்லை, ஓட்டம்தான் எடுத்தார். கடைசியில் கூடைக்குப் பதிலாக மாட்டியிருந்த பீப்பாய் வளையம் பிடுங்கிக்கொண்டு ஒருத்தன் தலையில் விழுந்து மாலை மாதிரி கழுத்தில் நின்றது. ஜெயித்தது யார் என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காண்ட்ராக்டர் கூப்பிட்டு, "மேஸ்திரி, உன் டீம் பெஞ்சில் மூணு பேர் ஆடாம சும்மா முட்டை தின்னுக்கிட்டு உக்காந்திருக்கான். ஒருத்தன வடக்க திக்லிபூர் கேம்புக்குக் குடு. அங்கேருந்து உருப்படியா ஒருத்தன எடுத்துக்க" என்றார். பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் நான் இரண்டு வருஷம்கூட ஒழுங்காக உட்காரவில்லை. பெஞ்சில் யார் உட்காரலாம் என்று முடிவு செய்கிற வேலை எனக்கு வந்ததைப் பாரும்!

என் சரக்கு இது: உதயசூரியன், பனை உயரம், பந்து வந்தால் முதலில் தலைமுடியைக் காப்பாற்றிக்கொள்வான். கோவிந்தராஜ், ஆட்டம் முழுக்கத் தெரியும், முழங்காலுக்குத்தான் தெரியாது. குழந்தைவேலு, ராமநாதபுரத்துக்காரன், அந்தமானில் கப்பல் இறங்கி ஆறு மாதம், இந்தி தெரியாது, பயமும் தெரியாது. உம் டீமுக்கு எது வேண்டும்? உம்மிடம் என்ன இருக்கிறது? என் தங்கையைத் தவிர எதையும் மாற்றிக்கொள்ளத் தயார், அவளைத் திருப்பி எடுப்பதில்லை.

இப்படிக்கு
கல்லெறி பட்டும் கலங்காத
ஜம்புலிங்கம்

---

திக்லிபூர்
19-1-1967

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. செல்லம் படித்துவிட்டு, "எங்கண்ணனுக்கு ரத்தம் வந்தாலும் சிரிப்பு" என்றாள். அவளும் சிரித்தாள், மறைக்கவில்லை.

நீங்கள் யாரைக் கொடுத்தாலும் சரி. என் தம்பி ஜெகநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பொங்கல் மேட்சில் அவன்தான் கூடை கூடையாகப் போட்டான். எதிர் கேம்பு மரம் அறுப்புக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. மறுநாள் ஓடையில் குளிக்கப் போனவனை நாலு பேர் மடக்கி, தண்ணீருக்குள் முகத்தை அமுக்கி, கட்டை இழுக்கிற கொக்கியால் காதைக் கிழித்துவிட்டார்கள். பாதிக் காது தொங்கியது. கம்பவுண்டர் தைத்தார். அடுத்த தடவை கை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சொன்னால் செய்வார்கள்.

செல்லம் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஆறு வயது. அவள்தான் குளிப்பாட்டினாள், சோறு ஊட்டினாள். எங்களுக்கென்று பிள்ளை இல்லை, உங்களுக்குத் தெரியும். அவன் இங்கிருந்து போனால்தான் அவள் தூங்குவாள்.

சீக்கிரம் முடிவு செய்யுங்கள்.

தங்கள் அன்புள்ள
சிவஞானம்

---

புரோத்ராபூர்
28-1-1967

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

காது கிழிந்த கதையை இரண்டு தடவை படித்தேன். பிறகு யோசித்தேன், ஒரு காது தைத்த பிள்ளைக்குப் பெண் பார்ப்பது சுலபம், பாதிப் பேச்சுதான் கேட்கும். செல்லத்திடம் சொல்லும், அவள் பிள்ளை இனி என் பிள்ளை. என் வீட்டிலேயே சாப்பாடு. அவனைத் தொடுகிறவன் என் மண்வெட்டியைத் தாண்டி வரட்டும்.

பதிலுக்குக் குழந்தைவேலுவை அனுப்புகிறேன். உதயசூரியனைக் கொடுத்தால் உம் அறுப்புக்காரர்கள் அவனை விறகாக்கிவிடுவார்கள். கோவிந்தராஜ் ஓடைவரை நடந்து அடி வாங்கப் போகவே ஒரு நாள் ஆகும். உமக்கு வேண்டியது குழந்தைவேலுதான்.

அவன் யார் என்று கேளும். தீபாவளி சமயம் கேம்புக்குள் காட்டுப்பன்றி ஒன்று புகுந்தது. ராஞ்சியிலிருந்து வந்த இந்திக்காரக் கூலி ஆட்கள் எல்லாரும் மரத்தில் ஏறிக்கொண்டு கத்துகிறார்கள். இவன் ஒருத்தன்தான் தரையில். கடப்பாரையை எடுத்தான். முதல் குத்தில் பன்றி விழுந்தது. இவன் நிறுத்தவில்லை. மேலே இருந்தவர்கள் கத்தக் கத்தக் குத்திக்கொண்டே இருந்தான். கடைசியில் பன்றி எது மண் எது என்று தெரியவில்லை. முகமெல்லாம் ரத்தத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தான். அன்றிரவு கறிக்கு எலும்பு பொறுக்குவதே பெரிய வேலையாகிவிட்டது.

மற்றபடி பசு. சொன்ன பேச்சு கேட்பான். சொல்லாததைச் செய்யமாட்டான்.

ஒரு வேடிக்கையும் சேர்த்து அனுப்புகிறேன். இங்கே நம் ஆட்டத்தில் எல்லாம் தமிழ்தான். "போடு" என்றால் போடுவான். அங்கே உமக்கு வங்காளி, தெலுங்கன், மலையாளி எல்லாம் கலந்து கிடக்கிறது, கோர்ட்டில் இந்திதான் ஓடும். இவனுக்கு இந்தியில் ஒரே ஒரு வார்த்தை தெரியும். அது என்ன என்று சொல்லமாட்டேன். ஆட்டத்தில் நீரே கண்டுகொள்ளும். அன்றைக்கு உம் முகத்தைப் பார்க்க நான் இல்லையே என்பதுதான் குறை.

தங்கைக்கு என் ஆசிகள்.

ஆள் வியாபாரி
ஜம்புலிங்கம்

---

திக்லிபூர்
9-2-1967

மச்சானுக்கு வணக்கம்.

குழந்தைவேலு வந்து சேர்ந்தான். நல்ல பிள்ளை. வந்த அன்றே செல்லத்துக்கு விறகு பிளந்து கொடுத்தான். ஜெகநாதனும் அவனும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். கப்பலில் இடமில்லை, ஜெகநாதனுக்கு அடுத்த கப்பலுக்குத்தான் சீட்டு கிடைத்தது. அதுவரை இரண்டு பேரையும் கேம்பை விட்டு வெளியே விடாமல் நம் கோர்ட்டிலேயே ஆடவிடலாம் என்றிருக்கிறேன். நம் ஆட்களுக்கு நடுவில் அவனுக்கு ஆபத்தில்லை.

அந்த ஒரு வார்த்தை என்ன மச்சான்? அவனிடம் கேட்டேன். "மேஸ்திரி சொல்லக் கூடாதுன்னுட்டாருண்ணே" என்று சிரிக்கிறான். எனக்கு விளையாட்டு வேண்டாம். அந்த ஆளைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் நேராக எழுதுங்கள்.

சிவஞானம்

---

புரோத்ராபூர்
17-2-1967

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உம்மைப் போல் ஒரு முசுடுக்குத் தங்கையைக் கொடுத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். உப்பை முதலிலேயே நக்கிவிட்டால் குழம்பில் என்ன இருக்கும்? சொல்லமாட்டேன். வேண்டுமானால் ஒரு குறிப்பு தருகிறேன்: பன்றியைக் கேளும்.

ஜெகநாதனுக்குக் கட்டில் போட்டாயிற்று. உதயசூரியன் தன் சீப்பைக்கூட அவனுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். பெஞ்சில் என் வலது பக்கம் அவன் இடம். கப்பல் வருகிற அன்று ஜெட்டிக்கு நானே வருவேன், எங்கள் டீம் முழுக்க வரும், பல் இல்லாத கிருஷ்ணமூர்த்தி உட்பட.

கண்டுபிடியும் பார்க்கலாம்!

ஜம்புலிங்கம்

---

திக்லிபூர்
23-2-1967

ஜம்புலிங்கம் மேஸ்திரி அவர்களுக்கு,

உங்கள் பதினேழாம் தேதிக் கடிதம் நாங்கள் ஜெகநாதனை எரித்துவிட்டுத் திரும்பியபோது வந்தது.

முந்தாநாள் சாயங்காலம் ஆட்டம், குழந்தைவேலு இங்கே ஆடிய முதல் ஆட்டம். எங்களுக்குள்தான். குழந்தைவேலு ஒரு பக்கம், ஜெகநாதன் எதிர்ப்பக்கம். பந்து குழந்தைவேலு கையில். ஜெகநாதன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மறித்து நின்று சிரித்தான். நான் பெஞ்சில் இருந்து கத்தினேன்: "மாரோ! குழந்தை, மாரோ!" இங்கே எல்லாரும் கூடையில் போடச் சொல்வதற்கு அதைத்தான் சொல்வோம்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நம்ப முடியாத மாதிரி ஒரு பார்வை. நான் தலையை ஆட்டி இன்னொரு தடவை "மாரோ!" என்றேன். பந்தைக் கீழே வைத்தான். எறியவில்லை, வைத்தான். பிறகு அடித்தான்.

முதல் அடி தொண்டையில். ஜெகநாதன் பின்னால் சாய்ந்து கம்பத்தின் அடிக்கல்லில் தலை மோதி விழுந்தான். அப்போதே நின்றிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் ஓடி வந்தோம். ஓடிக்கொண்டே எல்லாரும் கத்தினோம்: "மத் மாரோ! மத் மாரோ!" அடிக்காதே, அடிக்காதே என்று. அவனுக்கு மத் தெரியாது. மாரோ மட்டும் கேட்டது. நாங்கள் கத்தக் கத்த அவன் அடித்தான். தையல் போட்ட காது பிய்ந்தது. தாடை உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகும் கத்தினோம்.

"விடுடா" என்று ஒரு தமிழ் வார்த்தை போதும். நான் ஜெகநாதனுக்கு அண்ணன், தமிழன், பத்தடி தூரத்தில் இருந்தேன். எனக்குத் தமிழ் வரவில்லை. கோர்ட்டில் இந்தி பேசிப் பழகிய வாய்.

நாங்கள் இழுத்துப் பிடித்ததும் உடனே நின்றுவிட்டான். கையெல்லாம் ரத்தம். "போதுமாண்ணே?" என்று என்னைக் கேட்டான்.

போலீஸ்காரர் "கிஸ்னே போலா?" என்று அவனைக் கேட்டார். யார் சொன்னது என்று நான்தான் தமிழில் கேட்டேன். அவன் என்னைக் காட்டினான்.

அந்த வார்த்தையை எங்கே கற்றான் என்று பிறகு கேட்டேன். மரத்தின் மேல் இருந்த ராஞ்சிக்காரர்கள் கத்தியது என்றான். அர்த்தம் கேட்டதற்கு, "செத்து விழுற வரைக்கும் அடின்னு அர்த்தம்" என்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னான். அங்கே பெஞ்சில் வைத்து அவனை "மாரோ" என்று எழுப்பிவிட்டு எல்லாரும் சிரிப்பீர்களாம். இங்கே ஆட்டத்தில் அதைத்தான் கத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் வேடிக்கை என்று எழுதினீர்கள். நான் நேராகக் கேட்டேன்.

ஜெகநாதனுக்கு எடுத்த சீட்டில் குழந்தைவேலு விலங்கோடு வருகிறான். நீங்கள் டீமோடு ஜெட்டிக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். வாருங்கள். கொடுத்த ஆளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்லம் உங்கள் கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டாள். இனி எழுத வேண்டாம்.

சிவஞானம்

---

புரோத்ராபூர்
30-7-1967

மாப்பிள்ளை சிவஞானத்துக்கு,

எழுத வேண்டாம் என்றீர். ஜெட்டிக்குப் போனதையும் எழுதவில்லை. இது ஒன்றுதான். செல்லத்திடம் காட்ட வேண்டாம்.

நேற்று குழந்தைவேலுவுக்கு ஏழு வருஷம் போட்டார்கள். நீர் சாட்சி சொல்லிவிட்டுப் போன மறுநாள் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். நீர் வந்த அன்று வெளியே தூணுக்குப் பின்னால் உமக்காகத்தான் நின்றேன், நீர் பார்க்காமல் போனீர். பார்த்தும் போயிருக்கலாம்.

ஜட்ஜு இந்தியில் கேட்டார், ஒருத்தர் தமிழில் சொன்னார்: "நிறுத்தச் சொல்லி அத்தனை பேர் கத்தியும் இவனுக்கு ஏன் கேட்கவில்லை?"

நான் சொன்னேன்: "கேட்டுச்சு ஐயா. மாரோ மட்டுந்தான் நான் சொல்லிக்குடுத்தேன். மத் சொல்லிக்குடுக்கல."

அதை இந்தியில் சொன்னதும் பின்னால் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நம் ஆட்கள்தான், என்னைத் தெரிந்தவர்கள். மேஸ்திரி இங்கேயும் வந்து வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். ஜட்ஜு மேசையைத் தட்டினார். நான் சிரிக்கவில்லை மாப்பிள்ளை.

குழந்தைவேலு சிரித்தான். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

ஜம்புலிங்கம்