நடுவேலிக் கடவு

குண்டடம்,
கார்த்திகை 20.

தம்பி தரணீதரனுக்கு,

மகுடேஸ்வரன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். எத்தியோப்பியாவில் உன் பனியன் கம்பெனி வேலையும் உடம்பும் எப்படி என்று உன் வீட்டுக்காரி சித்ரகலா சொல்லித்தான் தெரியும். என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். ஒரு பத்திரம் கூரியரில் வருகிறது; அதனால் கடிதமும் வருகிறது.

போன ஞாயிறு சித்ரகலா வந்திருந்தாள். காப்பி குடிக்கவில்லை. நின்றபடியே, "மாமா, அவரு போயி ஆறு வருசமாச்சுங்க. பாப்பா பத்தாவது வந்துட்டா. நம்ம காட்டுல சின்னதா ஒரு யூனிட் போட்டா ஊருக்கே வந்துருவாருங்க. நீங்க அந்தக் கடவை மட்டும் தொறந்து உடுங்க, போதும்" என்றாள். இந்த ஆறு வருடத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் காரியம் அதுதான். அதையும் பெண்டாட்டி வாயால் கேட்டாய்.

விஷயம் முழுதும் உனக்குத் தெரியாது போலிருக்கிறது. நம் வட்டாரத்துக்கு வாழிடப் பாதுகாப்புத் திட்டம் என்று வரைபடம் போட்டிருக்கிறார்கள். பச்சை அடித்த இடத்தில் கட்டட அனுமதி கிடையாது. மஞ்சள் அடித்த இடத்தில் உண்டு, பக்கத்துப் பச்சையின் சொந்தக்காரர் அதைக் காப்பதாக எழுதிக் கொடுத்தால். நம் மேய்ச்சல் காட்டில் உன் பாதி பச்சை, என் பாதி மஞ்சள். உன் பாதியில் பூனைப்பருந்துகள் அடைகின்றன. பனிக்காலத்தில் வடக்கே வெகுதூரத்திலிருந்து வருபவை. ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகின்றன. மரத்தில் அடையாது. முழங்கால் உயரம் புல் இருந்தால் தரையில் படுக்கும். போன தையில் கணக்கெடுக்க வந்தவர்கள், விலங்கியல் வாத்தியார் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். முப்பத்தொன்று. நான்தான் கையெழுத்துப் போட்டேன். வஞ்சம் தீர்த்துவிட்டேன் என்று நீ ஊரெல்லாம் சொல்வது எனக்கும் வந்து சேர்ந்தது. இருந்தது முப்பத்தொன்று, எழுதியது முப்பத்தொன்று.

ஆனால் அங்கே புல் ஏன் வளர்ந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பாகம் பிரித்த அன்று பங்காளிகள் எதிரில் சொன்னாயே, "அண்ணனுக்கு எதுக்குங்க காடு? புத்தகத்தையா மேய்க்கப் போறாரு?" என்று. ஆத்தப்ப மாமாவுக்குச் சிரித்துச் சிரித்து வெற்றிலை புரையேறியது. நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே, மாடு போய்வரும் நடுவேலிக் கடவில் படலைச் சாத்திக் கம்பி போட்டு முறுக்கினேன். தண்ணீர்த் தொட்டி என் பாதியில். தொட்டிக்கு வர வழியில்லாமல் உன் பாதியில் எவன் மாடு விடுவான்? குத்தகைக்குக் கேட்ட மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. மாட்டு வாய் படாத இடத்தில் கொழுக்கட்டைப் புல் எழும்பியது. பருந்து வந்தது. பின்னால் பச்சையும் வந்தது.

வருகிற தையில் இரண்டாவது கணக்கெடுப்பு. அப்போது பருந்து இல்லாவிட்டால் பச்சையை நீக்கிவிடுவார்கள். என் பாதியில் மாடு மேய்க்கும் பழனாயிக்குக்கூட அது தெரியும். "ஏனுங்க வாத்தியாரே, கம்பிய அவுத்து உடுங்க. நம்ம மாடு நாப்பதே நாள்ல மொட்டையடிச்சுப் போடும். அப்பறம் பருந்தாவது, சட்டமாவது" என்கிறாள். சரிதான். நேற்றுக் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு முறுக்கு அவிழ்த்தேன். பருந்துகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. கோபம் வரவில்லை. இரக்கமும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவிழ்த்ததைத் திரும்ப முறுக்கிவிட்டு வந்தேன்.

கடவைத் திறக்க மாட்டேன். உறையில் இருப்பது பரிவர்த்தனைப் பத்திரத்தின் நகல். என் பாதி உனக்கு, தொட்டியோடு. உன் பாதி எனக்கு. பச்சையைக் காப்பதாக நான் எழுதிக் கொடுக்கிறேன். மஞ்சளில் நீ யூனிட் போட்டுக்கொள். பழனாயியிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் மாட்டை எங்கே ஓட்டுவாள் என்று தெரியவில்லை. இதையெல்லாம் பாசம் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

பதிவுக்கு நீ வர முடியாவிட்டால் சித்ரகலா பேரில் பவர் எழுதி அனுப்பலாம் என்று வக்கீல் சொன்னார். அனுப்பாதே. நீயே வா. மார்கழியில் வந்தால், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வேலியோரம் நின்று அவை இறங்குவதைப் பார்க்கலாம். என்னோடு நீ எதுவும் பேச வேண்டியதில்லை. பேச்சுக்குரல் கேட்டால் அவை இறங்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
மகுடேஸ்வரன்