திங்கட்கிழமை நலவிசாரிப்பு

ஆர்ன்ஸ்பெர்க், மார்ச் 4

என் சிட்டே,

புருஷன்தான் என்றாலும், உன் கல்லறை முன்னால் நின்று வாய்விட்டுப் பேச வெட்கமாயிருக்கிறது. பக்கத்துக் கல்லறைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வரும் திருமதி பிராங்கே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால் எழுதுகிறேன். பிழை பார்த்துச் சிரிக்காதே. பள்ளிக்கூடம் எனக்கு எவ்வளவு ஒட்டியது என்று உனக்குத் தெரியும்.

கதவுக் கீல் செய்யும் நம் தொழிற்சாலையை இங்கிலாந்துக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். இனி திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு பிரிவுப் பொறுப்பாளரும் புது மேலாளர் நைஜலோடு போனில் ஜெர்மனை விட்டு இங்கிலீஷில் பேச வேண்டுமாம். பெட்டி கட்டும் பிரிவுக்கு நான்தானே பொறுப்பு. கோடைக்குள் பேசப் பழகாதவர்களைக் தூரத்தில் காஸல் ஊரிலுள்ள கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். இப்போது கேட்டைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம். சாப்பாட்டு இடைவேளையில் உன்னிடம் வந்துவிடுகிறேன். காஸலுக்குப் போனால் எப்படி வருவது? அதனால் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

உன் எலிக்குட்டி


ஆர்ன்ஸ்பெர்க், மார்ச் 19

சிட்டு,

மானம் போயிற்று.

நேற்று முதல் கூட்டம். மேஜை நடுவில் போனை வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். நைஜல் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எப்படி இருக்கீங்க என்று கேட்டார். முன்பின் பார்க்காதவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. வகுப்பில் படித்த வார்த்தைகளைக் கோத்து உண்மையைச் சொன்னேன். நன்றாக இல்லை, ஜனவரியில் என் கணவர் இறந்துவிட்டார், தூக்கம் வருவதில்லை, பசை ஒட்டும் இயந்திரமும் பழுது.

நைஜல் ரொம்ப வருத்தம் என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் லேத் பட்டறை ஊவே பிடித்துக்கொண்டான். "ஏம்மா கூட்ரூன், அந்தாளு சும்மா மரியாதைக்குக் கேட்டான். நீ எழவு வீட்டையே கொண்டாந்து மேஜைல வெச்சுட்டியே!"

"பதில் வேணாம்னா எதுக்குடா கேக்கணும்?" என்றேன்.

"அது இங்கிலீஷ்காரன்கிட்ட கேளு. ஆனா மறுபடி ஆரம்பிச்சே, காஸல்தான்."

கூட்ரூன்


ஆர்ன்ஸ்பெர்க், ஏப்ரல் 23

என் சிட்டுக்கு,

கல்லறையில் பான்சிப் பூச்செடி வைத்தேன். மஞ்சள்தான் கிடைத்தது, கோபிக்காதே.

வகுப்பில் இப்போது ஆபீஸ் பேச்சு நடக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் எதையும் நேராகச் சொல்வதில்லை. வேலையைத் தொடங்கு என்பதற்குப் பந்தை உருட்டு என்கிறார்கள். எல்லாருக்கும் சம்மதம் என்றால் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் நிற்கிறோமாம். எழுதி எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். பந்தும் பக்கமும் வந்துவிடுகிறது. அந்த ஒரு பதில்தான் வரவில்லை. "நல்லா இருக்கேன், நன்றி, நீங்க?" குழந்தைகூடச் சொல்லிவிடும். நானோ, திங்கட்கிழமைகளில் என் முறை வரும்போது இருமி ஒப்பேற்றுகிறேன்.

டீச்சர் டீடமானிடம் சொன்னேன், அது பொய் ஆயிற்றே என்று. அவள் கேட்டாள்: "மத்தியானம் எதிர்ல வர்றவங்ககிட்டல்லாம் நாம 'மால்ட்சைட்'னு சொல்றோமே, அவங்க சாப்பாட்டைப் பத்தி நமக்கு என்ன கவலை? அது மாதிரிதாங்க இதுவும்."

"மால்ட்சைட்னா சாப்பாட்டு வேளைன்னு அர்த்தம். மத்தியானம் சாப்பாட்டு வேளைதானே, அதுல பொய் இல்லையே" என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

புருஷன் போய் ஒரு வருஷம் ஆகவில்லை, நன்றாக இருக்கிறேன் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் உன்னை விட்டுக்கொடுத்த மாதிரி. சொல்லாவிட்டால் காஸல்.

உன் எலி


ஆர்ன்ஸ்பெர்க், மே 14

சிட்டு, என் சிட்டு,

நேற்று அலுவலகப் பெண் வந்து சொன்னாள், "திருமதி ரீக்கெ, உங்க இடம் இங்கதான், காஸல் இல்லை" என்று. உன்னிடம் வந்துபோக இனி தடையில்லை. எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

காலைக் கூட்டத்தில் நைஜல் ஏதோ நீளமாகச் சொன்னார். ஊவேவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்றும் விளங்காதபோது நாம் ஜெர்மனில், எனக்கு ரயில் நிலையம் மட்டும்தான் புரிகிறது என்போமே, அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவைத்தான். நைஜல் பதறிப்போய், எந்த நிலையத்தில் நிற்கிறீர்கள், வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டார். ஊவே முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. நான் மேஜையில் கவிழ்ந்து சிரித்தேன். வயிறு வலித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், "கூட்ரூன், எப்படி இருக்கீங்க?" என்று நைஜல் கேட்டார்.

"நல்லா இருக்கேன், நன்றி, நீங்க?" என்றேன். கேட்டதும் வாய் சொல்லிவிட்டது. பிறகு பெட்டிக் கணக்கையும் தடுமாறாமல் ஒப்பித்துவிட்டேன்.

மத்தியானம் உன்னிடம் வந்தேன். தண்ணீர்க் குவளையைப் பிடித்தபடி நின்றேன், ஊற்றக் கை வரவில்லை. இத்தனை நாளும் பொய் சொல்லத்தான் பயந்தேன். ஆனால் சிட்டு, நேற்று அது பொய் இல்லை. அந்த ஒரு நிமிஷம் நான் நிஜமாகவே நன்றாக இருந்தேன். நீ இல்லாமல்.

உனக்கு என் மேல் வருத்தமா?