உங்கள் மாலை என் கழுத்தில்

என் அன்பு மாமாவுக்கு,

நீங்கள் போன பிறகு, உங்களிடம் சொல்லவே வெட்கமாக இருக்கும் ஒரு காரியம் நடந்துவிட்டது. அக்கா என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். நானே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அடையாறு ஃபிளாட்டில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். வேளச்சேரியிலிருந்து நான் வருவதற்குள் தொடங்கிவிட்டது. கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். கார் நிறுத்தும் இடத்தில் மேசை போட்டு, உங்கள் வீட்டுக் கூடத்திலிருந்த மார்பளவுச் சிலையை வைத்து, ரோஜா மாலை போட்டு, நெற்றியில் குங்குமமும் இட்டிருந்தார்கள். அது என் சிலை, மாமா.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் அங்கே குடிபோய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நரைத்த தாடியோடுதான் உங்களைத் தெரியும். சிற்பி வீட்டில் ஒரு வாலிப முகம் இருந்தால் அது சிற்பியுடையது என்றுதானே நினைப்பார்கள்?

"சின்ன வயசுல சார் எவ்ளோ களையா இருந்திருக்காரு பாருங்க" என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. உங்களுக்காகக் கூடிய கூட்டத்தில், உங்களை மறந்துவிட்டு என் மூக்கை ரசித்துக்கொண்டிருந்தேன். என்ன ஜென்மம் நான்?

அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். சிலையைப் பார்த்தாள். மாலையை எடுத்துவிட்டு, முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தாள். "இது என் தம்பிங்க. அதோ, உயிரோட உக்காந்திருக்கான்." எல்லோரும் திரும்பினார்கள். "ஏன்டா, நீயாவது வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?" அவள் அழாமல் கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மயிலாப்பூர் மொட்டைமாடியில் அந்தச் சிலைக்காக நான் உட்கார்ந்தது நினைவிருக்கிறதா? எனக்கு அப்போது வேலையில்லை. "வெட்டியா இருக்கறவன் தலைதான்டா ஆடாம இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே களிமண்ணை அப்புவீர்கள். அப்புறம் பள்ளிக்கூடங்களுக்கு எத்தனை நிறுவனர்கள், தெருமுனைகளுக்கு எத்தனை தலைவர்கள். என்னுடையதை மட்டும் யார் கேட்டும் கொடுக்கவில்லை. உங்கள் முகத்தைச் செய்ய வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே, உங்களுக்குமா தோன்றவில்லை?

அந்த நாட்களில் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அசையாமல் எதிரே உட்கார்ந்து நான் பார்த்ததும் உங்களைத்தான். கண்ணைச் செதுக்கும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வீர்கள். இடது புருவம் மேலே ஏறும். பிறகு தாடிக்குள் மறைந்துபோன அந்தத் தழும்பு எனக்குத் தெரியும்.

உங்கள் சிலை செய்ய ஒருவரிடம் பேசியிருக்கிறேன். அவர் பக்கத்திலேயே இருந்து ஒவ்வொன்றாக நான் சொல்வேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன், மாமா.

இன்னும் உயிரோடிருக்கும்
உங்கள் மச்சினன்